சம்பந்தி வீட்டுக் காமாலை

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் மருந்து வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். லீவுக்கு செந்துறை வந்தபோது அரும்பாவூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிய என்னை மாப்பிள்ளையின் அப்பா நிறுத்தினார்.

"என்னம்மா ஆராய்ச்சி பண்றே?"

"முழுங்குனதும் வேலை செய்யாத மருந்துங்க. சேர வேண்டிய எடத்துக்குப் போனதும்தான் வேலை செய்யும்."

"வேலை செய்யாத மருந்தா? அதத்தான் எங்க ஊரு டாக்டரு குடுத்துக்கிட்டு இருக்காரே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மா கண்ணால் அதட்டியதைக் கவனிக்காதவள் போல விளக்க ஆரம்பித்தேன். சில மருந்துகளை அப்படியே விழுங்கினால் பாதி வழியிலேயே உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் துணைக்கு இன்னொரு மூலக்கூறைப் பிணைத்து அனுப்புவோம். பெருங்குடலில் குடியிருக்கும் கிருமிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். மருந்து அங்கேயே இறங்கி வேலையைப் பார்க்கும்.

"பெருங்குடல் புண்ணுக்கு அப்படி ஒரு மாத்திரை இப்பவே இருக்குங்க. அதைச் சாப்பிட்டா ஒண்ணுக்குகூட ஆரஞ்சு கலர்லதான் போகும்."

அந்தச் சொல் விழுந்ததும் சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என் அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெசமாவா சொல்றே? அது காமாலை இல்லியா?"

திருச்சி டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மாத்திரையைத்தான் அவரும் சாப்பிட்டிருக்கிறார். நிறத்தைப் பார்த்துப் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, கீழாநெல்லியும் உப்பில்லாத கஞ்சியுமாக இருந்திருக்கிறார்.

"அதுக்குத்தான் உப்பு வேணாம்னு அடம் புடிச்சீங்களா?" என்றார் அவர் மனைவி. "என் சமையலு புடிக்கலன்னுல்ல நான் அழுதுகிட்டு இருந்தேன்!"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஏம்மா, நடுவுல வயித்துப் பூச்சிக்கு மருந்து வேற குடிச்சுட்டேன். நீ சொல்ற கிருமியெல்லாம் செத்துப் போயிருக்குமா?"

"அது வேற, இது வேற மாமா. அதெல்லாம் சாகாது. டாக்டரைக் கேட்டுக்கிட்டு மறுபடி மாத்திரையைப் போடுங்க."

மாமா என்று எப்படி வாயில் வந்ததென்று எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"பொண்ணு புடிச்சிருக்கு" என்றார் அவர், பையனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நிச்சயதார்த்தத்துக்கு அரும்பாவூர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் தங்கள் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையோடு நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.