கட்டபெட்டு உணவு முகாமும் முகிலின் தயிர்சாதமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகன் முகிலை அழைத்துக்கொண்டு கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டுக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. முகிலுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, இன்னும் பேச்சு வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் மிகவும் குறைவு என்று வந்திருக்கிறது. சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். "கம்மியா? குடுத்து வெச்சவன். எங்கிட்ட நெறையக் கெடக்குது, வேணும்னா எடுத்துக்கச் சொல்லு" என்கிறார் நாத்தனார். ஆனால் வளரும் பிள்ளைக்கு அது வேண்டும் என்றார் குழந்தை டாக்டர். இன்னொரு முறை ரத்தம் பார்த்து, அப்போதும் குறைவென்றால் மரபணுச் சோதனை. அதுவரை சாப்பிடுகிற எதையும் நிறுத்தாதீர்கள், கொழுப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேருங்கள் என்றார்.

முகில் சாப்பிடுவதே மூன்றுதான்: தயிர்சாதம், இட்லி, ஒரே கடையின் ரஸ்க்.

இந்த நேரத்தில் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் முகாம் செய்தி வந்தது. உணவை மாற்றினால் பேச்சு வருமாம். அதைப் படித்த பிறகு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? ஆனாலும் உறுத்தியது. வருகிறவர்களில் பாதிப் பேர் கோயம்புத்தூர்க்காரர்கள். முகாம் எதற்கு மலை மேல்? முருகா, நீயே பார்த்துக்கொள் என்று விபூதி இட்டுக் கிளம்பினேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஆறரைக்குக் கோத்தகிரி பஸ். முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். முகிலுக்கு டிக்கெட் இல்லை. வளைவுகளில் அவன் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தான். ஈரத்துணி கட்டாயம் எடுத்துப் போங்கள். கோத்தகிரியிலிருந்து ஆட்டோ 250 ரூபாய்.

"முகாமுங்களா? போன தடவ வேற வீட்டுல நடந்துச்சு. அதுக்கு முந்தி குன்னூர்ல" என்றார் ஆட்டோக்காரர்.

"ஏனுங்க எடம் மாறீட்டே இருக்குது?"

"எனக்கெப்படித் தெரியுமுங்க? எனக்குச் சவாரி வருது."

தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வாடகை வீடு. கட்டணம் 1,500 ரூபாய், முதலில் பணம், பிறகுதான் நாற்காலி. முகாம் நடத்தும் உணவு ஆலோசகர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பத்தாவதோடு நின்றவள் நான். ரிப்போர்ட் வாசிக்கப் போனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இவருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க, ரிப்போர்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "கொலஸ்ட்ரால் சரியில்லீங்க" என்று மட்டும் சொன்னேன். கூடவா, குறைவா என்று சொல்லவில்லை.

"அதாம்மா, கொழுப்பு மூளைய அடைக்குது. நெய், பால், தயிர் எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க. நம்ம பவுடர் மூணு மாசம் குடுங்க." ஒரு டின் 4,200 ரூபாய்.

ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். "ரொம்பக் கம்மின்னு போட்டிருக்குதுங்களே?"

கண் இமைக்கவில்லை. "கம்மியா? அப்ப உடம்பு உறிஞ்சல. தயிருதான் தடுக்குது. அதே பவுடர், ரெண்டு ஸ்பூனாக் குடுங்க."

"அவன் என்ன சாப்படறான்னு கேக்கவே இல்லீங்களே?"

"அது அடுத்த சிட்டிங்லம்மா."

எழுந்து வந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். பேச்சு வந்துவிட்டால் என்ற நினைப்பில் கை பர்ஸ் மேலேயே இருந்தது. முகில் பசியில் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்ததால்தான் வெளியே வந்து, வாசற்படியில் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன்.

பக்கத்தில் ஓர் எஸ்டேட் பெண், மடியில் மகள் கவிதா. முகில் வயதுதான் இருக்கும். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"தயிராக்கா? இவளுக்கு நிறுத்தி நாலு மாசமாச்சு. பேச்சு வரும்னாரு. பேச்சு வரல, வெயிட்டுதான் போயிருச்சு. பவுடரத் துப்புறா. அடுத்த டின்னு வாங்க லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

அதற்குள் கவிதா நழுவி வந்து டப்பா முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். "வேணாம்டி, ஐயா திட்டுவாரு" என்று அம்மா பின்னால் இழுத்தார்.

ரிப்போர்ட்டைக் காட்டி உள்ளே நடந்ததைச் சொன்னேன். "கூடன்னாலும் அதே பவுடர், கம்மின்னாலும் அதே பவுடருங்க. உங்க புள்ளைக்கு நான் சொல்ல முடியாது. ஊட்டி கவர்மென்ட் ஆஸ்பத்திரில குழந்தை டாக்டர்கிட்டக் காட்டுங்க, வெயிட்டு எறங்குனதச் சொல்லுங்க."

அந்தப் பெண் ஆலோசகர் இருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஸ்பூனை வாங்கினார். கவிதா விழுங்கிய வேகத்தில் பாதி டப்பா காலி. முகில் போட்ட கூச்சலுக்கு ஆலோசகரே எட்டிப் பார்த்தார்.

"டின்னு எடுத்து வெக்கட்டுமாம்மா?"

"வேணாங்கய்யா, ஊட்டி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அந்தப் பெண் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: பிள்ளைக்கு வேண்டிய சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை முதலிலேயே நீட்டாதீர்கள். எதையாவது நிறுத்தச் சொன்னால், அதற்குப் பதில் பிள்ளை எதைச் சாப்பிடும் என்று கேளுங்கள். பதில் டின்னாக வந்தால் எழுந்துவிடுங்கள்.

எங்கள் குழந்தை டாக்டர் முட்டை மஞ்சள்கருவும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். முட்டை நுழையாத வீடு எங்களுடையது. அவன் பசியைவிட என் ஆசாரம் பெரிதல்ல என்று தனிச் சட்டி வாங்கிவிட்டேன்.

முகில் இன்னும் பேசவில்லை. தயிர்சாதத்தில் அரை ஸ்பூன் நெய்க்கு மட்டும் பழகியிருக்கிறான். முதலில் நாலைந்து நாள் முகர்ந்து பார்த்து, என் முகத்தையும் பார்த்து, தட்டைத் தள்ளினான். சந்தேகப்படுவதில் பிள்ளை என்னையே உரித்து வைத்திருக்கிறான்.