ஒவ்வொரு குத்துக்கும் ஓர் ஆமென்

போன வாரம் தலையணை உறை தைக்கக் காடா துணி வாங்கலாமென்று பொன்னேரி கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் துணித் தானைப் பிரித்து உதறினார் பாருங்கள், அந்தக் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதுமே என் வலது கை தன்பாட்டுக்கு இடுப்பருகே போய் முஷ்டி பிடித்துக்கொண்டது. "இன்னாம்மா, அடிக்கப் போறியா? வெலைய கொறைச்சே சொல்றேன்மா" என்றார் அவர். அசடு வழிந்தேன். காடா துணி என்றால் மற்றவர்களுக்குத் தலையணை ஞாபகம் வரும், வடிகட்டி ஞாபகம் வரும். எனக்குக் கராத்தே ஞாபகம் வருகிறது. என்ன செய்ய, வாங்கி வந்த வரம் அப்படி.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். கான்ட்ராக்ட் வேலைதான். காலையில் கேட்டில் நிற்கும்போது "இன்னிக்கு ஆள் போதும்" என்று சொல்லிவிட்டால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் எங்களை ஹைவேயில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நான் தங்கியிருந்த ஹாஸ்டலுக்கு வரும் வழியில் லாரிகள் வரிசையாக நிற்கும், ஒரு பிராந்திக் கடையும் உண்டு. அந்தக் கடைக்கு எதிரில், அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சபை. அதன் வாசலில்தான் அந்த போர்டைப் பார்த்தேன். 'இலவச கராத்தே ஊழியம். பெண்கள் வரலாம்.'

நான் ஆண்டவரைத் தேடிப் போனவள் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வழியில் கையைப் பிடித்து இழுக்கிற நாய்களை உதைக்கக் கற்றுக்கொள்ளத்தான் போனேன். ஊரில் வீட்டில் எங்கள் குலதெய்வம் பத்திரமாக இருந்தது. பாஸ்டருக்கும் இது தெரியும். அவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வாலிபத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டே கராத்தே கற்றவர். "மொதல்ல ஒதைக்க வாம்மா, அப்பறமா ஜெபத்துக்கு வா" என்று சிரித்தார்.

சீருடைதான் வேடிக்கை. ஐயாவின் மனைவி தையல் மெஷின் வைத்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு உடுத்தும் வெள்ளை அங்கியை அவர்தான் காடா துணியில் தைப்பார். அதே தானில்தான் எங்கள் கராத்தே டிரஸ்ஸும். துணி பற்றாவிட்டால், முழுக்கு வாங்கிவிட்டுச் சபைக்கு வராமல் போனவர்களின் அங்கியைப் பிரித்து எங்களுக்கு பேன்ட் தைத்துவிடுவார். என் பேன்ட்டும் அப்படி யாரோ ஓடிப்போனவருடையதுதான். அதனாலோ என்னவோ, எனக்கு உதைப்பதைவிட ஒதுங்கி ஓடுவதே நன்றாக வந்தது.

குத்தும்போது மற்ற இடங்களில் ஏதோ சத்தம் கொடுப்பார்களாமே, நாங்கள் "ஆமென்!" என்று கத்துவோம். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் ஆமென். பிராந்திக் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு குடிகாரன் என் சாப்பாட்டுப் பையைப் பிடித்து இழுத்தான். பழக்கதோஷத்தில் "ஆமென்!" என்று கத்திக்கொண்டே வயிற்றில் ஒன்று விட்டேன். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "சிஸ்டர், வர்ற ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துர்றேன் சிஸ்டர்" என்றான். வரவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு வித்தியாசமும் இருந்தது. கராத்தேயில் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குனிந்து வணங்க வேண்டும். மாஸ்டரை, எதிராளியை, சுவரில் மாட்டியிருக்கும் ஆதிகுருவின் படத்தை. எங்கள் சபையில் அது கிடையாது. "மனுஷன் முன்னாலயும் படத்து முன்னாலயும் நம்ம தல குனியக் கூடாது" என்பார் ஐயா. அதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் உயர்த்தி "ஸ்தோத்திரம்" சொல்வோம். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குனி என்றால் குனிவேன், தூக்கு என்றால் தூக்குவேன்.

ரூபிக்கு அப்படி இல்லை. ரூபி என்னோடு அதே பேக்கிங் பிரிவில் இருந்தவள். பொன்னேரிக்கு உள்ளே நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பெண். அவளாகவே சபைக்கு வந்து, அவளாகவே முழுக்கு வாங்கி, ரூபி என்று பெயரையும் மாற்றிக்கொண்டாள். அவள் காலைத் தூக்கினால் பக்கத்தில் காற்று வீசும். நிஜமாகத்தான். ஒரு பொங்கலன்று வீட்டில் படைத்துவிட்டு எல்லோரும் விழுந்து கும்பிட்டபோது அவள் மட்டும் நின்றிருக்கிறாள். அவளுடைய அப்பா கெஞ்சியிருக்கிறார். "மன்சுல இன்னா வேணா வெச்சிக்கோம்மா. இது மரியாதைக்குத்தான். சும்மா ஒரு தபா தலைய சாய்ச்சிட்டுப் போ." அவள் சாய்க்கவில்லை. அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டலுக்கு வந்து என்னோடு தங்கினாள். அப்பாவை நினைத்து நைனா, நைனா என்று தூக்கத்தில் முனகுவாள். அடுத்த ஞாயிறு ஐயா அவளை மேடையில் நிறுத்தி, "பாருங்க, தல குனியாத பொண்ணு" என்று சாட்சி சொல்ல வைத்தார். சபை முழுக்கக் கை தட்டியது. நானும்தான் தட்டினேன்.

கான்ட்ராக்ட் பிழைப்பில் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கராத்தே டீச்சர் வேலை இருந்தது. பிளாக் பெல்ட் சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலை, பிள்ளைகள், பக்கத்திலேயே அப்பா வீடு. "டீச்சர்னு தெரிஞ்சா நைனா வந்து பாப்பாருடி" என்பாள். அதுதான் அவளுக்கு எல்லாம். சபையில் கொடுக்கும் பெல்ட் வெளியே செல்லாது என்பதால், திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியாட்கள் நடத்திய தேர்வுக்கு அவள் பெயரைக் கொடுத்தார் ஐயா. பெரியபாளையம் வழியாக மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க ரூபி கண்ணை மூடி, மடியில் கைகளை அசைத்துக்கொண்டே வந்தாள்.

மண்டபத்து மேடையில் ஆதிகுருவின் படம். ரோஜா மாலை, ஊதுவத்தி, குத்துவிளக்கு, எல்லாம் நம் ஊர் முறைப்படி. ஒவ்வொருவராகப் போய்ப் படத்துக்குக் குனிந்து, தேர்வாளருக்குக் குனிந்து, பிறகுதான் கராத்தே செய்து காட்ட வேண்டும். ரூபி போனாள். நேராக நின்றாள். இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

தேர்வாளர் நிறுத்தச் சொன்னார். "மொதல்ல வணக்கம் போடும்மா."

"சார், நான் செஞ்சி காட்டறேன். பாத்துட்டு சொல்லுங்க சார்."

"மரியாதையே தெரியலன்னா பெல்ட் எதுக்கு? யாரு இந்தப் பொண்ணோட மாஸ்டர்?"

ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போனார். அவர் தேர்வாளரிடம் ஏதாவது பேசுவார், சண்டை போடுவார் என்று நினைத்து நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் ரூபியின் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ரூபி, இது மரியாதைக்குத்தாம்மா. சும்மா ஒரு தபா தலைய சாய்ச்சிட்டு செய்யி."

ரூபி அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்க நைனாவும் இதையேதான் ஐயா சொன்னாரு" என்றாள்.

அவ்வளவுதான். கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தேர்வாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது ஐயா பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். கெட்ட மனிதர் இல்லை அவர். அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவளுடைய அப்பாவும்தான் அவள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னார். இதையெல்லாம் யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, போங்கள். பாழாய்ப்போன ஒரு குனிதலுக்கு இத்தனையா என்று அன்றைக்கு அவள்மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

ரூபி அதன்பிறகு சபைக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். கம்பெனியில் கான்ட்ராக்டர் மாறியபோது எங்கள் இரண்டு பேரையுமே கழற்றி விட்டார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கே போய்விட்டாள். சபையில் கராத்தே நின்றது. ஐயாவுக்கு ஆமென் சொல்லச் சொல்லி எங்களை அதட்டத் தெம்பில்லை. கொஞ்ச நாளில் சபையும் கலைந்து, அவர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த இடத்தில் கன்டெய்னர் வண்டிகள் நிற்கின்றன. பிராந்திக் கடை மட்டும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டு ஜோராக இருக்கிறது.

ரூபியைப் பிறகு ஒரே ஒரு தடவை பொன்னேரி ஸ்டேஷனில் பார்த்தேன். நெற்றி நிறைய குங்குமம். பழைய பெயரைச் சொல்லித்தான் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னாடி, ஒத இன்னும் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

"அதெல்லாம் எங்கடி. இப்போ எல்லாத்துக்கும் குனியறேன். கோயிலு, மாமியாரு, சூப்பர்வைசரு, எல்லாத்துக்கும். ஒண்ணியும் ஆவல. கழுத்து கூட வலிக்கல."

ரயில் வந்தது. கூட்டத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டாள். நிமிர்ந்து பார்ப்பாள் என்று ரயில் நகர்கிற வரைக்கும் நின்றேன். பார்க்கவில்லை.