யெரூஷாபாய்க்கு ஒரு பங்கு

சாமாஜி தளேகரை வாரம் முழுக்கச் செக்கார் என்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பங்குக்காரர் என்பார்கள். வேஸ்வாடியில் யூதர்களான எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் செக்காட்டுகிறவர்கள்தான். ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு சுற்றாது என்பதால் மற்ற சாதிக்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயரே ‘சனிக்கிழமைச் செக்கார்’. ஆனால் பங்குக்காரர் என்றால் ஊருக்கே சாமாஜி ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை உச்சி சாய்ந்ததும் அவர் செக்குமாட்டின் கண்கட்டை அவிழ்ப்பார். சத்தம் வராமலிருக்கக் கழுத்து மணிக்குள் துணியைத் திணிப்பார். ஜெபக்கூடத்துப் பின்கட்டில் அரிசி, துவரம்பருப்பு, வெல்லம், குப்பியில் எண்ணெய் என்று நிரப்பிய பித்தளைத் தூக்குகள் தயாராக இருக்கும். அவற்றை மாட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் கிளம்பினால், ஓய்வுநாள் விளக்கு ஏற்றுவதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடுவார். எங்கள் வீடு, மீன்பிடிக்கிற கோளி வீடு, முஸ்லிம் வீடு என்று பேதமில்லை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்குத் தூக்கு போகும். அதுதான் பங்கு.

அதற்கு ஒரு முறை உண்டு. கொல்லைப்படிக் கல்லின்மேல் போன வாரத்துத் தூக்கு கழுவிக் கவிழ்த்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு நிறைந்ததை வைக்க வேண்டும். கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. முக்கியமாக, வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவே கூடாது. வாங்குகிறவர் முகம் கொடுக்கிறவர் கண்ணில் பட்டுவிட்டால் அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா? சாமாஜி இந்த விஷயத்தில் கல்லுளிமங்கன். “பின்னாலேருந்து பாம்பு துரத்தினாக்கூட எங்க வீட்டு மனுஷன் திரும்ப மாட்டார். கடிச்சப்புறம்தான் என்ன பாம்புன்னு கேப்பார்” என்று அவர் மனைவி ரிப்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கழிமுகத்தை ஒட்டி, தாழம்புதருக்கு நடுவே யெரூஷாபாயின் வீடு. பிள்ளைகுட்டி இல்லாத விதவை, கூன் விழுந்தவள். வருஷக்கணக்காக இருமிக்கொண்டே இருந்தாள். தூக்கைக் கழுவிக் கவிழ்த்து, காற்றில் உருண்டுவிடாமல் இருக்க அதன் தலையில் ஒரு கூழாங்கல்லை வைப்பது அவள் வழக்கம். வேறு எந்த வீட்டிலும் அப்படி வைப்பதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் அவள் இறந்துபோனாள். பாடை சுமந்தவர்களில் சாமாஜியும் ஒருவர். குழிக்குள் இறக்கியபோது அவள் கால்பக்கம் பிடித்திருந்தது அவர்தான்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை தவறு நடந்தது. ஏதோ யோசனையில் போய்க்கொண்டிருந்தவரின் கால்களும் மாட்டின் கால்களும் பழக்கதோஷத்தில் கழிமுகத்துப் பக்கம் திரும்பிவிட்டன. தூக்கை வைத்துவிட்டுத் தாழம்புதரைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அடப்பாவி, செத்தவளுக்கல்லவா பங்கு வைத்துவிட்டோம்! ஆனால் வைத்ததை எடுக்கக் கூடாதே, திரும்பவும் கூடாதே. தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெறும் தூக்கை எடுத்து வரலாம் என்று போனார். நாய் உருட்டியிருக்கும், காக்கை கொத்தியிருக்கும் என்றுதான் நினைத்தார். தூக்கு சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கல்லின்மேல் கவிழ்ந்திருந்தது. அதன் தலையில் ஒரு கூழாங்கல், ஈரம்கூடக் காயாமல் இருந்தது.

சாமாஜி வீட்டை ஏறிட்டுப் பார்த்தார். கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அடக்கம் முடிந்து கதவில் நாமே போட்ட கயிற்றுக்கட்டு அப்படியே இருக்கிறது. காற்று இல்லை, ஆனால் தாழை மட்டும் சரசரக்கிறது. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கோளி வீட்டுக்கு வைத்திருந்த தூக்கை அந்தக் கல்லில் வைத்தார். கோளி வீட்டுக்குத் தன் வீட்டு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரிப்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளிலும் தூக்கு கழுவியிருந்தது, கல்லும் இருந்தது. ஒருமுறை அவர் முதுகைக் காட்டி நடக்கும்போது பின்னால் இருமல் கேட்டது. அவருக்கு நன்றாகத் தெரிந்த, இழுத்து இழுத்து வரும் அதே இருமல். அன்றைக்கு மாட்டை முந்திக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

ஜெபக்கூடத்துத் தலைவர் எலோஜிக்கு விஷயம் எட்டியது.

“ஏன்யா, உயிரோட இருக்கிறவங்களுக்கே அரிசி பத்தல. நீ சமாதிக்குப் படியளக்கிறியா?” என்றார்.

“நான் அளக்கலை. அவங்க வாங்குறாங்க.”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எவனோ திருட்டுப்பய தின்னுட்டுப் போறான். வர்ற வாரத்தோட நிறுத்து.”

“திருடன் தூக்கைத்தானே தூக்கிட்டுப் போவான்? தேச்சுக் கழுவியா வெச்சுட்டுப் போவான்?”

 எலோஜி தலைவர் இல்லையா, “நிறுத்துன்னா நிறுத்து” என்று சொல்லி எழுந்துவிட்டார்.

இந்தச் சமயத்தில் இசூப்ஜியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாழம்புதருக்கு அந்தப்பக்கம் குடியிருந்தவன். மரக்கலம் வைத்து மும்பைக்குத் தேங்காய் ஏற்றியவன், ஒரு காலத்தில் பங்குக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்தவன். கலம் பாறையில் மோதிப் போனதோடு எல்லாம் போயிற்று. வாழ்ந்து கெட்டவனின் வறட்டுக் கௌரவம் இருக்கிறதே, அது பசியைவிடப் பொல்லாதது. அவன் கொல்லைப்படியில் ஒரு தூக்கு வைத்ததற்கு அதைக் காலால் எத்தி வாய்க்காலில் தள்ளினான். ஜெபக்கூடத்துக்கே வந்து, “இன்னொரு தடவை என் வாசல்ல பிச்சை வெச்சா வெச்சவன் கையை ஒடிப்பேன்” என்று கத்தினான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் மனைவி மஸல்பாயும் பிள்ளைகளும் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், மைத்துனன் படகில் அரிசி அனுப்புகிறான் என்பான்.

எலோஜி நிறுத்தச் சொன்ன கடைசி வெள்ளிக்கிழமை. சாமாஜி தூக்கை வைத்தார். நடந்தார். மாட்டைத் தூரத்தில் ஒரு தென்னையில் கட்டினார். பசியோடு இருக்கும் ஒரு ஆத்மாவுக்குக் காரணம் சொல்லாமல் சோற்றை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வாழ்நாளில் முதல்முறையாகத் திரும்பினார்.

தாழம்புதருக்குள் உட்கார்ந்து பார்த்தார். சூரியன் கடலுக்குள் பாதி இறங்கியிருந்தது. இடிந்த சுவரின் நிழலிலிருந்து ஒரு வெள்ளைச் சேலை வந்தது. கூன் முதுகு. முக்காடு முகத்தை முழுக்க மறைத்திருந்தது. ஒரு கை இடுப்பில், இன்னொரு கை சுவரில். இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று இருமியது. குழியில் இறக்கியபோது பிடித்த அந்தக் கால்கள்தான் இப்போது மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்து வருகின்றன என்று சாமாஜி நினைத்தார்.  ஆபத்தில் நாங்கள் அழைக்கிற எலியாகு நபியைக் கூப்பிட நினைத்தார், பெயரே வரவில்லை.

அது கல்லருகே வந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு முதுகை நிமிர்த்தியது. நிமிர்த்தியதும் யெரூஷாபாயைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டது. மடியிலிருந்து பையை எடுத்துத் தூக்கிலிருந்த அரிசியை அதில் கொட்டியது. ஒரு பருப்பு கீழே விழ, உட்கார்ந்து அதைப் பொறுக்கியது. பேய் பருப்புப் பொறுக்குமா? சாமாஜியின் காலடியில் சருகு நொறுங்கியது. முக்காடு நழுவியது. மஸல்பாய்.

 அவள்தான் முதலில் பேசினாள்.

“திரும்பிட்டீங்களே, அண்ணே.”

சாமாஜிக்கு வெட்கத்தில் காது சுட்டது. “தங்கச்சி, நீயா...”

“எங்க பேருக்கு வர்ற பங்கைத் தொட மாட்டேன்னு எலியாகு நபி மேல சத்தியம் வாங்கிட்டார். புள்ளைங்க ராத்திரில எழுந்து சுவத்து மண்ணை நக்குதுங்க. இது எங்க பேருக்கு வரலையே, அவங்க பேருக்கு வந்தது. யாராவது பாத்தாலும் பயந்து ஓடட்டும்னு அவங்க மாதிரியே நடக்கக் கத்துக்கிட்டேன். செத்தவங்களுக்கு என்ன மானம், என்ன வெக்கம்? அதான் அவங்களா வந்தேன். அரிசி எங்கண்ணன் அனுப்பினதுன்னுதான் அவர் நினைச்சிட்டிருக்கார்.”

“கூழாங்கல்லு?”

“அவங்க வெக்கிறதைப் பாத்திருக்கேன். நானும் வெச்சேன். அண்ணே, அவருக்குத் தெரிஞ்சா எங்களை விட்டுட்டுக் கடல்ல இறங்கிடுவார். வீம்புக்குச் சொல்லலை, நிஜமாவே செய்வார்.”

சாமாஜி மாட்டிடம் போனார். அன்று மாலை ஜெபக்கூடத்து வாசலில் எலோஜியைப் பிடித்துக்கொண்டார். சாமாஜியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அது நடிப்பில்லை.

“பாத்தேன். கூன் முதுகு. வெள்ளைச் சேலை. அதே இருமல்.”

எலோஜி ஜெபப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். “என்ன சொன்னா?”

“நிறுத்தாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்வேன்.”

சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, மொத்தம்தான் பொய். அன்றிலிருந்து யெரூஷாபாயின் தூக்கு மற்றத் தூக்குகளைவிடக் கனத்தது. பயந்தவர்கள் தேங்காய் போட்டார்கள், பழைய கம்பளி ஒன்று கொடுத்தார்கள். சாமாஜிக்கு மட்டும் இதில் நஷ்டம். செத்தவளோடு பேசுகிறவன் ஆட்டிய எண்ணெயில் ஓய்வுநாள் விளக்கு ஏற்றலாமா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு வீடாகக் கடையில் விற்கும் தகர டப்பா எண்ணெய்க்கு மாறியது. அவர் வந்தால் கிணற்றடி காலியானது. “என்கிட்டயாவது சொல்லுங்க, அங்க என்னதான் இருக்கு?” என்று ரிப்கா அழுது பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது பேயைவிடப் பயமாக இருந்தது.

அடைமழையில் ஒருநாள் பாசி வழுக்கி சாமாஜி செக்குமேட்டிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மூங்கில் பத்தை கட்டிப் படுக்கவைத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. மற்ற வீடுகளுக்கு ஆள் கிடைத்தார்கள். யெரூஷாபாய் வீட்டுக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. எலோஜிக்கே அன்று பார்த்து முழங்கால் வலி வந்துவிட்டது. சாமாஜி கட்டிலில் கிடந்து துடித்தார். வலி ஒரு பக்கம், அந்தப் பிள்ளைகளின் நினைப்பு இன்னொரு பக்கம். தவழ்ந்தாவது போகிறேன் என்று எழுந்து விழுந்தார்.

அப்போதுதான் வாசலில் இசூப்ஜி வந்து நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தாலும் மீசை மட்டும் முறுக்கு குறையவில்லை.

“என்ன அண்ணே, ஒரு கிழவிக்காக ஊரே நடுங்குது? தூக்கு எங்கே? நான் கொண்டு போறேன்.”

“நீ வேணாம்பா” என்று சாமாஜி பதறினார்.

“ஏன்? வாங்கத்தான் எனக்குக் கை கூசும். கொடுக்கறதுக்கு என்ன? ஒரு காலத்துல நான் கொடுக்காத பங்கா? பக்கத்து வீட்டுக்காரி பட்டினி கிடக்கக் கூடாது, செத்திருந்தாலும் சரி.”

வேண்டாம் என்றால் காரணம் கேட்பான். காரணத்தைச் சொன்னால் ஒரு குடும்பமே போகும். அனுப்பாவிட்டாலும் பட்டினி. சாமாஜி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வெச்சுட்டுத் திரும்பாதே. என்ன கேட்டாலும் சரி, திரும்பாதே. எலியாகு நபி மேல சத்தியம் பண்ணு.”

“குழந்தையா நான்?” என்று சிரித்துக்கொண்டே சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

ரிப்கா விளக்கு ஏற்றினாள். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜெபம் முடிந்தது, ரொட்டி பிட்டார்கள். சாமாஜிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கழிமுகத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. வெகுநேரம் கழித்து இசூப்ஜி வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். கட்டிலருகே தரையிலேயே உட்கார்ந்தான். அந்த மீசை தொங்கிப்போயிருந்தது.

“இவ்வளவு நேரம் கடலோரமா நடந்துட்டிருந்தேன், அண்ணே” என்றான்.

சாமாஜி முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். “அங்க...”

“இருமல் கேட்டுது. யெரூஷாபாய் இருமல்தான், அச்சு அசல். மயிர்க்கூச்செறிஞ்சுது. அப்புறம் தூக்கைத் திறக்கிற சத்தம். அதோட கூட வளையல் சத்தம்.” அவன் தன் மணிக்கட்டைத் தடவினான். “விதவை வளையல் போடுவாளா, அண்ணே? எங்க கல்யாணத்தன்னிக்கு நானே மாட்டிவிட்ட பச்சைக் கண்ணாடி வளையல். கூட்டத்துல கேட்டாக்கூட எனக்குத் தெரியும்.”

ரிப்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சாமாஜி மெல்லக் கேட்டார்: “திரும்பினியா?”

“இல்லை.” அவன் தலையை ஆட்டினான். கண்ணிலிருந்து வழிந்ததை மழைத்தண்ணீர் என்று விட்டுவிடலாம் போல இருந்தது. “நான் பாத்துட்டேன்னா அடுத்த வாரம் அவ எப்படி வருவா?”

சாமாஜி அவன் நனைந்த தோளில் கையை வைத்தார். அவன் எழுந்தான். வாசல்வரை போனவன், நிலையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் முகத்தைக் காட்டாமலே சொன்னான்.

“இனிமே அந்த வீட்டுக்கு நானே போறேன்னு எலோஜிகிட்ட சொல்லிடுங்க. அப்புறம்... யெரூஷாபாய் தூக்குல கொஞ்சம் வெல்லம் கூடப் போடச் சொல்லுங்க. எங்க சின்னவளுக்கு வெல்லம்னா உசிரு.”