எஸ் டீச்சரின் சாக்பீஸ்

அந்தத் தெருவில் அவளை எஸ் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலப் பன்மையில் யார் தப்பு செய்தாலும் அவளுக்குப் பொறுக்காது. காய்கறிக் கடைப் பலகையில், டொமேட்டோஸ் என்ற சொல்லில் விட்டுப்போன ஈ-யைப் போகிற போக்கில் சாக்பீஸால் சேர்த்துவிடுவாள். "என் தக்காளியில ஈ உட்காரலன்னு வருத்தப்படுற ஒரே ஆளு நீங்கதாம்மா" என்பார் கடைக்காரர்.

அவளுடைய அக்கா நடத்தும் டியூஷன் சென்டரில் அவளுக்கு வேலை. பழைய கட்டடத்தின் மாடியில் ஒரே அறை; கீழே அச்சகம். இயந்திரம் ஓடும்போது தரை பாதத்தில் அதிரும். அந்தத் தாளத்துக்கே பிள்ளைகள் ராகம் போடுவார்கள்: பஸ்ஸுக்கு ஈ-எஸ்; பேபியில் ஒய்யை எடுத்து ஐ-ஈ-எஸ்; டாயில் ஒய்க்கு முன்னால் உயிரெழுத்து, அதனால் வெறும் எஸ்.

மழை ஓய்ந்த வாரம், லீஃபுக்குப் பன்மை லீவ்ஸ் என்று எழுதும்போது கைதவறி சாக்பீஸ் விழுந்தது. உருண்டு ஜன்னல் மூலைக்குப் போனது. மறுநாளும் அதே மூலை. பிள்ளைகள் பந்தயம் கட்டிப் பென்சில்களை உருட்டினார்கள். எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. முன்பெல்லாம் அந்தத் தரையில் எது விழுந்தாலும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கரும்பலகைக்குப் பின்னால், சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

அக்காவிடம் சொன்னாள். பரீட்சை நேரத்தில் சென்டரை மூடினால் பிள்ளைகள் பக்கத்துத் தெரு சென்டருக்குப் போய்விடுவார்கள் என்றாள் அக்கா.

"போர்டுல தப்பு, பில்லுல தப்பு, இப்ப சுவத்துலயுமா? உனக்கு எதைப் பார்த்தாலும் குத்தம்தான்டி."

காய்கறிக் கடைக்காரரும் அதையே சொல்லிச் சிரித்தார்.

அச்சகத்துக்கு விடுமுறையான ஒரு மாலை. ஜன்னல் கதவை மூட முடியவில்லை, சட்டம் கோணியிருந்தது. கீழே இயந்திரம் ஓடவில்லை. ஆனாலும் பாதத்தில் அந்த அதிர்வு இருந்தது.

அவள் பாடத்தை நிறுத்தினாள். வெளியே வகுப்பு என்றதும் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு இறங்கினார்கள். தெருவின் எதிர்ப்பக்கம், தள்ளி உட்காரவைத்தாள். சேதி கேட்டு வந்த அக்காவின் முகம் சிவந்திருந்தது.

"நான் மேல போய் உக்காந்து காட்டுறேன். ஒண்ணும் ஆகலன்னா பிள்ளைங்க மறுபடி மேல வரணும். சரியா?"

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. இனிமே எந்த போர்டையும் நான் திருத்த மாட்டேன். மேல மட்டும் போகாத."

அக்கா கையை உதறிவிட்டுப் படியேறினாள். சற்று நேரத்தில் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. வெற்றிச் சிரிப்போடு கையசைத்தாள்.

எதிர்ப்பக்கம் பிள்ளைகள் சைல்ட், சில்ரன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குரலாக அடங்கியது. ஜன்னலுக்கு மேலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது, கரும்பலகையைத் துடைக்கும்போது உதிர்வதுபோல. அக்காவுக்கு அது தெரியவில்லை, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, எஸ் டீச்சர் படியை நோக்கி ஓடினாள்.