சமையல்கட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

எழுதுவது படித்தவர்கள் வேலை. நான் பத்தாவது வரை படித்தவள், அதிலும் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவளுக்கு நாலு பேர் படிக்கிற இடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எழுதுவதற்கு மட்டும்தான் இந்த மன்னிப்பு. அன்றைக்கு நான் செய்ததற்கு இல்லை. அதை இன்றைக்கும் செய்வேன்.

எங்கள் வீடு நெல்லித்தோப்பில், நீளவாக்கில் போகிற வீடு. தெருவைப் பார்த்து ஹால், அதற்குப் பின்னால் ஒரு அறை, பிறகு ஒரு நடை, கடைசியில் சமையல்கட்டு. ஹாலில் ஒருவர் தும்மினால் சமையல்கட்டுக்குக் கேட்கும். ஆனால் பேசினால் கேட்காது. பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா காலையிலேயே வந்துவிடுவார். குழம்புக்கு ஒன்று, வறுக்க ஒன்று. எங்கள் வீட்டு வழக்கப்படி வறுத்த மீன் ஆறக்கூடாது. கல்லிலிருந்து எடுத்ததும் தட்டுக்குப் போக வேண்டும். ஆறின மீனை என் கணவர் தொடமாட்டார், எங்கள் மகளும் அப்படியே பழகிவிட்டாள். மதியம் ஹாலில் டிவிடியில் படம் போடுவார்கள். படத்தோடு சாப்பாடு, சாப்பாட்டோடு படம். நான் ரெண்டு ரெண்டு துண்டாக வறுத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கல்லில் இருப்பது தீய்ந்துவிடுமே என்று ஓடிவருவேன். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் படத்தில் கல்யாணமோ கொலையோ நடந்து முடிந்திருக்கும்.

அடி விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும், யார் யாரை அடித்தார் என்று தெரியாது. ஹாலில் சிரிப்பார்கள். "இன்னா சொன்னான்?" என்று இங்கிருந்து குரல் கொடுப்பேன். "அத்த எப்டி சொல்றது? பாத்தாதான் புரியும்" என்பார் என் கணவர்.

பார்க்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், ஒரு முழுப் படத்தையும் காதால் கேட்கலாம். அப்படிக் கேட்டுப் படம் பழகியவள் நான். முகத்தை நானே நினைத்துக்கொள்வேன், வீட்டை நானே கட்டிக்கொள்வேன். ஒருத்தி என்ன பேசினாள் என்பதை மட்டும் நானாக நினைத்துக்கொள்ள முடியாது. அது கேட்டால்தான் உண்டு.

இரண்டாயிரத்து ஒன்பது என்று நினைக்கிறேன். ஹாலுக்குத் தட்டை டிவி வந்தது. படம் பெரிதாகிவிட்டது, சத்தம் சின்னதாகிவிட்டது. அதற்குத் தனியாக ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது என் கணவரின் அக்கா வீட்டுக்காரர் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். முறைக்கு எனக்கு அண்ணன். நல்ல மனிதர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அங்கே அது எப்படி இருக்கும் என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஹாலை சலோன் என்றுதான் சொல்வார்.

"இப்பல்லாம் அங்க யாரு மச்சான் அஞ்சு ஸ்பீக்கர் பொட்டி வைக்கிறா?" என்றார் என் கணவரிடம். "சலோன்ல டிவிக்குக் கீழ நீளமா ஒரு பட்ட. சவுண்ட்பார். அவ்ளோதான். ஒயரும் கெடையாது, ஒட்டடையும் கெடையாது."

என் கணவருக்கு அது உடனே பிடித்துவிட்டது. "எதுத்த வூட்டுல அஞ்சையும் ஷோகேஸ்ல வரிசையா கொலு வச்ச மாதிரி வச்சிருக்கான் மாமா. அதுக்கு ஒண்ணே போதும்ல?"

அது உண்மைதான். எங்கள் தெருவில் யாரும் ஸ்பீக்கர்களைச் சுற்றிவர மாட்டியது கிடையாது. ஒயர் காலில் தட்டும், சுவரில் ஆணி அடிக்க வேண்டும் என்று அஞ்சையும் டிவிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைப்பார்கள். அப்படி வைப்பதற்கு ஒரே பட்டை போதும் என்பது நியாயமான பேச்சு. எனக்கு மட்டும் இஞ்சி நசுக்கிக்கொண்டிருக்கும்போது வேறொன்று தோன்றியது. தனித்தனியாக இருந்தால் ஒன்றை இங்கே கொண்டுவரலாம். பட்டையை எப்படிக் கொண்டுவருவது?

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வராது எனக்கு.

நேரு வீதியில் ஒரு கடைக்குப் போனோம். சத்தம் கேட்டுப் பார்ப்பதற்கென்று உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை. அதில் ஒரு சோஃபா. என் கணவர், அண்ணன், மகள் மூன்று பேரும் உட்கார்ந்ததும் சோஃபா நிறைந்துவிட்டது. நான் கதவோரம் நின்றேன். கடைக்காரத் தம்பி முதலில் பட்டையைப் போட்டார், பிறகு அஞ்சு ஸ்பீக்கர் செட்டைப் போட்டார்.

"ஏன் மேடம் நிக்கிறீங்க? இப்டி நடுவுல வந்து உக்காந்தாதான் எஃபெக்ட் தெரியும்" என்றார் என்னைப் பார்த்து.

"நான் உக்கார மாட்டேனே" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "படம் ஓடுறப்ப நான் உக்காந்திருக்க மாட்டேன். சமையகட்டுல இருப்பேன். அங்க கேக்குற மாதிரி எது இருக்குது?"

"அப்ப தனித்தனியா இருக்கிறதுதாம்மா. ஒயர இழுத்து எங்க வேணாலும் ஒண்ணு வச்சுக்கலாம்."

என் கணவர் திரும்பினார். "இன்னா பேசுற நீ? சமையகட்டுக்கு யாராவது ஹோம் தியேட்டர் வைப்பாங்களா?"

"தங்கச்சி, அங்க மிக்ஸி சத்தமே போதும்மா" என்று அண்ணன் சிரித்தார்.

எனக்கு வாதாடத் தெரியாது. நிற்கத் தெரியும். அந்த அஞ்சு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "வாங்குனா இத வாங்கணும். இல்லன்னா வேணாம்" என்றேன். அவர்கள் பட்டையின் விளக்கம் முழுவதையும் கேட்டார்கள், இருபுறமும் திருப்பிப் பார்த்தார்கள், நடுநடுவே என்னைப் பார்த்தார்கள். நான் நகரவில்லை. கடையில் வேறு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடைசியில் என் கணவர், "சரி, அந்தக் கழுதையையே கட்டுப்பா" என்றார். கழுதை என்றது பெட்டியைத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாட்டிக் கொடுக்க வந்த ஆள், பின்பக்கம் வைக்கிற ரெண்டையும் சோஃபாவுக்குப் பின்னால் மாட்ட வேண்டும் என்றார். என் கணவர் யோசித்துப் பார்த்தார். "அதுல ஒண்ண சமையகட்டுல மாட்டுப்பா. அதுவும் வூட்டுக்குப் பின்னாடிதான இருக்குது" என்றார். நடை வழியாக ஒயர் இழுத்து, மசாலா டப்பா அலமாரிக்கு மேலே மாட்டினார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன். கல்லில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அலமாரிக்கு மேலே மழை பெய்தது. பிறகு குதிரை ஓடியது. ஒரு கூட்டம் "ஓ" என்று கத்தியது. கொஞ்ச நேரம் பறவை கூவியது. பேச்சு மட்டும் வரவே இல்லை. ஸ்பீக்கர் பழுதோ என்று ஹாலுக்குப் போய்ச் சொன்னேன்.

"பழுதெல்லாம் இல்லம்மா" என்றார் அண்ணன். "பின்னாடி வைக்கிறதுல பேச்சு வராது. மழ, இடி இதான் வரும். பேச்சு பூரா டிவிக்குக் கீழ நடுவுல இருக்குது பார், அதுலதான் வரும். அதுக்குத்தான் அப்பவே பட்டைய வாங்கலாம்னேன்."

ஹாலே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அந்த வாரம் முழுவதும் எனக்கு அதுதான். குடத்தை எடுத்தால், "உனக்கெதுக்குத் தண்ணி, உள்ளேயே மழ பெய்யுதே" என்பார் என் கணவர். ஆனால் அண்ணன் சொன்னதில் எனக்கு வேண்டியது ஒன்று இருந்தது. பேச்சு எதில் வருகிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. நான் பிளவுஸ் தைப்பவள். மெஷின் மோட்டாரின் ஒயர் அறுந்தால் நானே சீவி முறுக்கிப் போடுவேன், அதனால் ஒயருக்குப் பயம் கிடையாது. ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி மேலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றினேன். டிவிக்குக் கீழே இருந்ததையும் கழற்றினேன். நீள ஒயரின் ஹால் பக்க முனையை, ஸ்பீக்கர் செட்டோடு வந்த பெட்டியின் பின்பக்கம் சென்டர் என்று எழுதியிருந்த இடத்தில் சொருகினேன். நடு ஸ்பீக்கர் என் மசாலா டப்பாக்களுக்கு மேலே ஏறியது. கழற்றின மழை ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே சும்மா வைத்தேன். டிவி நிகழ்ச்சிகளுக்குச் சத்தம் முன்பக்க ரெண்டில் மட்டும்தான் வரும் என்பதால் அன்று இரவு யாரும் எதையும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படம் போட்டார்கள். முதலில் பாட்டு வந்தது, ஹாலில் நன்றாகவே கேட்டது. பிறகு ஒரு அம்மாவும் பிள்ளையும் பேசினார்கள். எனக்குப் பேசினார்கள். என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசினதுபோல் இருந்தது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறாள் என்பதுகூடத் தெரிந்தது. எண்ணெய் சத்தம் அதற்குக் கீழே போய்விட்டது.

ஹாலில் ஒரே குழப்பம். "சவுண்ட ஏத்து" என்றார் என் கணவர். ஏற்றினார்கள். பின்னணி இசை சுவரை இடித்தது. வாய் மட்டும் அசைந்தது. டிவிடியை எடுத்து வேட்டியில் துடைத்துப் போட்டார்கள்.

"அப்பா, சப்டைட்டில் போடட்டா? இங்கிலீஷ்ல இருக்குது" என்றாள் மகள்.

"உதை வாங்கப் போற."

அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். தட்டோடு நடைவழியாக வந்து வாசலில் நின்றார், மேலே பார்த்தார். "மச்சான்! இங்க வா! பேச்சு பூரா இங்கதான் இருக்குது!"

என் கணவர் வந்தார். "இன்னா பண்ண?"

"நடுவுல இருந்தத இங்க கொண்டாந்தேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"அங்க மூணு பேரு உக்காந்து ஊமப்படம் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"ஊமப்படத்துலயாச்சும் ஆளு தெரியும். எனக்கு ஆளும் தெரியல, பேச்சும் கேக்கல, இத்தினி வருசமா."

"மாத்து."

"மாத்த மாட்டேன்."

"சரி, நான் மாத்துறேன்."

"மாத்திக்கிங்க" என்றேன். கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "அடுப்ப அணைச்சுட்டு நான் வந்து சோஃபாவுல உக்காந்துக்கிறேன். மீனு மசாலா தடவித் தட்டுல இருக்குது. வறுத்து எடுத்துக்கிட்டு வாங்க. சூடா."

அவர் தட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் உள்ளே ஒரு அடி வந்து, "ஏய், இரு மச்சான், அந்தம்மா இன்னாவோ சொல்லுது" என்று மேலே கையைக் காட்டினார். படத்தில் அந்த அம்மா பிள்ளையிடம் வீட்டை விட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் அங்கேயே நின்று மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். மகள் நடையில் நின்றுகொண்டாள். அங்கிருந்து டிவி பாதி தெரியும், பேச்சும் பாதி கேட்கும். என் கணவர் ஹாலுக்குத் திரும்பிப் போய்த் தனியாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். அணைக்கவும் இல்லை, எழுந்து வரவும் இல்லை. நான் துண்டு துண்டாகக் கொண்டுபோய் வைத்தேன். சாப்பிட்டார்.

நான் அந்தப் படத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை கேட்டேன். மீன் ஒன்றுகூடத் தீயவில்லை. கடைசியில் அந்த அம்மா மிக மெல்லிசாக ரெண்டு வார்த்தை சொல்வாள், நடு ஸ்பீக்கர் அங்கேயே இருந்திருந்தாலும் ஹாலில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அது தப்பிப்போயிருக்கும். எனக்குக் கேட்டது. அது என்ன என்று என் கணவர் இரவு கேட்டார். சொன்னேன்.

இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் பலவிதமாகப் பேசினார்கள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது என்றார்கள். வாங்கின பொருளைக் கெடுத்துவிட்டேன் என்றார்கள். நான் எதையும் கெடுக்கவில்லை. அஞ்சு ஸ்பீக்கரை வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைக்கத் தெரியாதவர்கள்தான் அதை ஷோகேஸில் வரிசையாக நிறுத்துகிறார்கள். சோஃபாவில் உட்காருகிறவருக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்று கடைக்காரர் நினைக்கலாம், கம்பெனிக்காரர் நினைக்கலாம். நான் ஏன் நினைக்க வேண்டும்?

அந்தப் படத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை. என் கணவர் ஆபீஸ் விட்டு வரும்போது நடு ஸ்பீக்கர் இன்னொன்றும் கொஞ்சம் ஒயரும் வாங்கிவந்து, அதே சென்டர் இடத்தில் அதையும் சேர்த்துச் சொருகி டிவிக்குக் கீழே மாட்டினார். அண்ணன் டார்ச் பிடித்தார். சமையல்கட்டில் இருந்ததை யாரும் கழற்றவில்லை.