ஆற்றுக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்

அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், காத்திவாக்கத்தில் எங்கள் குப்பத்து ஆண்களில் பாதிப் பேர் ஆற்றங்கரையில் இருந்தார்கள். அம்மா மட்டும் இல்லை. விருந்துக்கு இறால் கேட்டிருந்த ராயபுரத்து அக்காவைக் கையோடு கூட்டிவரப் போயிருந்தாள். பிடித்துப்போனால் வாராவாரம் வாங்குவதாக அந்த அக்கா சொல்லியிருந்தாள். அதற்காகவே அம்மா இரண்டு நாள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கையால் தடவிப் பிடித்த இறாலையெல்லாம் பறி என்கிற ஓலைக்கூடையில் போட்டு, உயிரோடு கிடக்கட்டும் என்று ஆற்றிலேயே முளையில் கட்டி முக்கி வைத்திருந்தாள்.

அன்றுதான் எங்கள் போட்டுக்கு இஞ்சின் வந்தது. பாதி விலை அரசாங்கத்துடையது. அதற்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயும் மானியத்தில், கேன் கேனாக.

புதுப் போட்டு இறங்கினால் ஆற்றுக்குப் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். அப்பா பால் பாக்கெட்டைப் பிரிக்கப் போனார். சித்தப்பா விடவில்லை.

"அது போட்டுக்குண்ணே. இஞ்சினு இன்னா பாலா குடிக்குது? அது குடிக்கிறத ஊத்து."

எல்லோருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அப்பா ஒரு மக் ஊற்றினார்.

"சர்க்காரு குடுக்குது, நீ இன்னா மாமு கைய இழுத்துகினு ஊத்துற?" என்று கூட்டத்தில் ஒருவர் சீண்டினார். அரை கேன் போயிற்று. தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறமாக விரிந்தது. நான் கைதட்டினேன். ஓதம் ஏறிக் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் வருகிற நேரம். அந்த நிறமெல்லாம் மெதுவாகப் பறி கிடந்த பக்கம் நகர்ந்தது.

அம்மா வந்து பறியைத் தூக்கினாள். ராயபுரத்து அக்கா ஓர் இறாலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, ஸ்டவ்வுல ஊறப்போட்டியா?"

அவள் வெறுங்கையோடு போன பிறகு அம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "முழுக் காசு குடுத்து வாங்கினதா இருந்தா ஒரு சொட்டு ஊத்தியிருப்பியா?"

அப்பா இஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இறாலுக்காகச் சண்டை என்றுதான் நான் நினைத்தேன். அந்த வருஷ மழைக்குள் குப்பத்தில் எல்லாப் போட்டுக்கும் இஞ்சின் வந்துவிட்டது. மிச்ச எண்ணெயை ஆற்றிலேயே கொட்டி டேங்கைக் கழுவினார்கள். யாருக்கும் மனசு வலிக்கவில்லை. அம்மா கேட்டது அவர்கள் எல்லோரையும்தான் என்பது எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போன எனக்கே வெகுநாள் புரியவில்லை.

ராயபுரத்து அக்கா அப்புறம் வரவேயில்லை. அந்த வாராவாரக் கணக்கை விட்டுவிட்டால், அந்த அரை கேன் எண்ணெய்க்கு அன்றைக்கு எங்களுக்கு ஆனது, இறால் விலையாக, இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.