எனக்காக இறங்கிய வெளிச்சம்

ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது மணி ஏழரை ஆகியிருக்கும். அங்கிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் என் வீட்டுக்கு நடைதான். வேகமாக நடக்கிறவர்களுக்கு இருபது நிமிஷம். எனக்கு எதற்கு வேகம்? வீட்டுக் கதவைப் பூட்டிய கையாலேயேதான் திறக்க வேண்டும். மெல்ல நடந்து போவேன்.

கம்பெனிகளின் மதில் இருக்கிற வரைக்கும் தெருவிளக்கு உண்டு. பகல் மாதிரி எரியும். மதில் முடிந்ததும் விளக்கும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு சின்னப் பாலம், ஒரு வளைவு, ஏரி, ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கிற மோட்டார் அறை, அதன் முன்னால் ஒரு வேகத்தடை, அப்புறம் எங்கள் தெரு. இந்த இருட்டுப் பாதையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுத எனக்கு நேரம் ஆகும். ஆகட்டும்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். ஜல்லி ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில் வருவார். நான் ரோட்டோரம் நடந்து போவதைப் பார்த்துவிட்டால் ஹெட்லைட்டை ஒரு தரம் இறக்கி ஏற்றுவார். டிம் போட்டு எடுப்பது என்பார்கள். நிறுத்த மாட்டார், லோடு இருக்கும். ஆனால் அந்த ஒரு டிம்மில் எல்லாம் வந்துவிடும். பார்த்துவிட்டேன், போ, பின்னாலேயே வருகிறேன் என்று. லாரிக்காரர்களுக்குள் அது பெரிய மரியாதை. எதிரில் வருகிறவனுக்கு டிம் போடாதவனை அவர் மனுஷனாகவே சேர்க்க மாட்டார். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் புனேயில் கார் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். நான் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன். யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறேன்.

இப்போது இந்த ரோட்டில் டிம் போடுகிறவர்கள் யாரும் கிடையாது. டிப்பர்காரன் போடுவதில்லை, வேன்காரன் போடுவதில்லை. அதிலும் இந்த வெள்ளை எல்இடி வெளிச்சம் வந்த பிறகு எதிரே ஒரு வண்டி வந்தாலே நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிடுவேன். வண்டி போன பிறகும் கண்ணுக்குள் பச்சையாக வட்டம் வட்டமாகச் சுற்றும். அது தெளிகிற வரைக்கும் அடி எடுத்து வைக்க முடியாது.

மழைக்காலத்தில் பாலத்துப் பக்கம் ஒரு பாம்பைப் பார்த்தேன். அடுத்த நாளே ஒரு நல்ல டார்ச் வாங்கினேன். டார்ச் வாங்கிய அந்த வாரத்தில்தான் அந்தக் கார் வந்தது.

ஏரி வளைவில் திரும்பி எனக்கு நேராக வந்தது. வழக்கம்போல முந்தானையைத் தூக்கினேன். தேவையே இருக்கவில்லை. என் பக்கம் இருந்த வெளிச்சம் மட்டும் இறங்கிவிட்டது. இடது பக்கம் வேப்பமரம் இலை இலையாகத் தெரிகிறது. வலது பக்கம் ரோட்டின் வெள்ளைக் கோடு தெரிகிறது. நடுவில் நான் நிற்கிற இடம் மட்டும், ஒரு கதவு அகலத்துக்கு, இருட்டு. நான் நடந்தால் அந்த இருட்டும் என்னோடு நடக்கிறது. கார் கிட்டத்தில் வர வர அது அகலமாகி, என்னைத் தாண்டியதும் முழு வெளிச்சமும் மறுபடி எழும்பியது.

லாரிக்காரர் பெண்டாட்டிக்கு அது என்னவென்று புரியாதா? யாரோ எனக்கு டிம் போட்டுவிட்டுப் போகிறார். அதுவும் எங்கள் வீட்டுக்காரரைவிட நேர்த்தியாக. என் கண்ணில் மட்டும் படாமல்.

மறுநாளும் வந்தது. ஏழே முக்காலுக்கு. இரண்டு விளக்குக்கும் மேலே புருவம் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு. அதை வைத்துத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஒரு வாரம் கழித்து நானும் கையைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தேன். ஒருவர் மரியாதை செய்யும்போது பேசாமல் போவது நம் பழக்கமில்லை.

அந்தக் காரின் குணமெல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. தெருவிளக்கு இருக்கிற இடத்தில் எதிர்ப்பட்டால் எனக்கென்று தனியாக எதுவும் செய்யாது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டேன். பாலத்தில் பள்ளம் உண்டு. அங்கே வண்டி தூக்கிப் போடும்போது வெளிச்சம் ஒரு கணம் என் முகத்தில் அடித்து இறங்கும். அது ரோட்டின் குற்றம், அவர் குற்றமில்லை. அடை மழையில் ஒருநாள் டிம் ஆகவே இல்லை. அன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லையோ என்று வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருந்தேன். வளைவில் பளபளவென்று ஒரு அம்புக்குறி போர்டு இருக்கிறது. ஒருநாள் அந்தப் போர்டுக்கும் டிம் ஆனது. போர்டை நான் என்று நினைத்துவிட்டார் என்று தனியாக நின்று சிரித்தேன். வீட்டுக்கு வெளியே நான் சத்தமாகச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்றோ.

கேன்டீனில் என்னோடு வெங்காயம் உரிக்கிறவளிடம் இதைச் சொன்னேன். சுங்குவார்சத்திரத்துக்காரி. வாய் சும்மா இருக்காது.

“இன்னாக்கா, இந்த வயசுல உனுக்கு லைட்டு அடிக்க ஒரு ஆளு கீதா?”

“அடிக்கலடி, எறக்கறாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவ பேசாத.”

அவள் சிரித்தாள். பஸ் ஏறும் முன்னால் குழாயில் முகம் கழுவித் தலையைச் சீவிக்கொள்கிறேன் என்பதை அதற்குமுன் அவள் கவனித்திருக்கவில்லை. அன்றைக்குக் கவனித்தாள். கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. யாரென்று தெரிந்தால் போதும். என்னை யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒரு நாளில் என்னைப் பார்த்து, இன்னார் போகிறாள் என்று நினைக்கிற ஒரு ஆள்.

தை பிறந்ததும் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, முட்டி வலிக்கு மருந்து வாங்க வாலாஜாபாத் போனேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டவுன் பஸ் அங்கேயே எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டார்ச் மருந்தோடு பைக்குள் இருந்தது.

பின்னாலிருந்து முழு வெளிச்சம் என் மேல் விழுந்தது. திரும்பினேன். கண் கூசியது. விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்தப் புருவம். அதே கார். ஆனால் எனக்காக இறங்கவில்லை. முகத்தில் சுள்ளென்று அடித்துக்கொண்டே கிட்டத்தில் வந்து நின்றது.

கண்ணாடி இறங்கியது. நாற்பது நாற்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. பேச்சு தெற்கத்திப் பேச்சு. ஒரகடம் போக வேறு பாதை உண்டா என்று கேட்டார்.

ஏரிக்கரை மேல் போனால் அந்தாண்டை ஏறிக்கொள்ளலாம், நானும் அங்கேதான் போகிறேன், வழி காட்டுகிறேன் என்றேன். வழி காட்டத்தான் ஏறினேன். லிப்ட் கேட்டு ஏறவில்லை.

கொஞ்ச தூரம் போனோம். பிறகு கேட்டுவிட்டேன்.

“தெனம் என்னப் பாத்தா டிம் போட்டுட்டுப் போறியே. யாருன்னு கேக்கணும்னு இருந்தேன்.”

“நானாம்மா?”

“ஏரி வளைவுல. ஏழே முக்காலுக்கு.”

ஸ்டியரிங் பக்கம் ஒரு சின்ன விளக்குப் படம் எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டினார்.

“டிம்மு பிரைட்டு எல்லாம் வண்டியே பாத்துக்கிடும்மா. கண்ணாடிக்கு மேல கேமரா இருக்கு. எதுக்க வெளிச்சம் வந்தா வண்டின்னு நெனச்சு அந்த எடத்த மட்டும் அணைச்சிரும். நான் கையே வைக்கிறதில்ல.”

முன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே ஒரு பைக் வந்தது. அதைச் சுற்றி ஒரு இருட்டுத் துண்டு விழுந்தது. பைக்கோடு நகர்ந்து பக்கவாட்டில் கரைந்தது. அதை வெளியே நின்று நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தரம். அடுத்து ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். கையில் விளக்கில்லை. அவன் மேல் முழு வெளிச்சம். கண்ணுக்குக் குறுக்கே முழங்கையை வைத்துக்கொண்டான். ஆனால் அவன் சட்டையின் கட்டம் தெரிந்தது. தாடி தெரிந்தது. கடைசி ஆடு நொண்டுவது தெரிந்தது.

ஏரிக்கரை ஏறினதும் டார்ச் வெளிச்சம் ஒன்று எதிரே வந்தது. உடனே அந்த இடம் கதவு அகலத்துக்கு இருண்டது. தூக்கிக் கட்டிய லுங்கியும் இரண்டு காலும் மட்டும் தெரிந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும். காலை இழுத்து நடக்கிற நடையில் எனக்குத் தெரிந்துவிட்டது, ஏரி மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் என்று.

“அங்க யாரு வர்றாங்க, தெரியிதாப்பா?” என்றேன்.

கார்க்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாரோ பைக்க உருட்டிக்கிட்டு வாரான்னு நினைக்கேன்.”

பைக் ஏது? ஒரு மனுஷர், ஒரு டார்ச். அவ்வளவுதான்.

மழையும் போர்டும் பள்ளமும் தெருவிளக்குக் கூச்சமும் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. டார்ச் வாங்கிய வாரமும் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் நான் கையைத் தூக்கிக் காட்டியது அந்த இருட்டுத் துண்டுக்குள் நின்றுகொண்டுதான். அவருக்குத் தெரிந்தது என் கால். அதுகூடத் தெரிந்திருக்காது. அன்றைக்கு டார்ச் பைக்குள் இருந்தபடியால்தான் என்னைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். எது எனக்கு மரியாதை என்று நினைத்தேனோ அதுதான் என்னை மறைத்து வைத்திருந்திருக்கிறது.

எங்கள் தெரு முனையில் இறக்கிவிட்டார். நல்ல மனுஷர். அதில் குறை சொல்ல மாட்டேன்.

“தெனம் இந்தப் பக்கமாவா வாறீங்க? இனிமே பாத்தா நிப்பாட்டுதேன்மா.”

“வேணாம்பா. நீ வர்றது அந்தாண்ட, நான் போறது இந்தாண்ட. எனுக்கு நடக்கறதுதான் புடிக்கும்.”

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். சோறு வைக்கவில்லை. சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு இயந்திரத்துக்காகவா முகம் கழுவினேன் என்று வந்தது. பிறகு அதுவும் போயிற்று. வெட்கப்பட வேண்டுமானால் இன்னொருவர் பார்க்க வேண்டும். யாரும் பார்க்கவே இல்லையே.

மறுநாள் கேன்டீனில் சுங்குவார்சத்திரத்துக்காரி, இன்னா சொல்றாரு உன் ஆளு என்றாள். நல்லாக் கீறாரு என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். சாயந்திரம் பஸ் ஏறும் முன்னால் குழாயடிக்குப் போவதா வேண்டாமா என்று நின்றேன். போனேன். முகம் கழுவினேன். தலையைச் சீவினேன்.

பாம்பு இருக்கிற பாலத்தைத் தாண்டியும் டார்ச் அடித்துக்கொண்டு போனேன். ஏரி வளைவில் புருவம் தெரிந்ததும், ரோட்டை விட்டு மண்ணில் நன்றாக உள்ளே இறங்கி, வேப்பமரத்தடியில் நின்றேன். டார்ச்சை அணைத்தேன்.

வெளிச்சம் வந்தது. கதவு அகலத்து இருட்டு இல்லை. மரத்துக்கு என்னவோ அதேதான் எனக்கும். முந்தானையைத் தூக்கவில்லை. முழங்கையை வைத்துக்கொள்ளவில்லை. இமையைப் பாதி இறக்கிக்கொண்டு முகத்தை நேராக வைத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையைத் தூக்கவில்லை. தூக்குவது இனி என் வேலையில்லை என்று நினைத்தேன். பார்க்க வேண்டியது அவர் வேலை.

கார் தாண்டிப் போயிற்று. நிற்கவில்லை. வேகம் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. காதில் டயர் சத்தம் மட்டும்தான். கண்ணுக்குள் பச்சை வட்டங்கள் சுற்றின. மரத்தைப் பிடித்துக்கொண்டு அவை தெளிகிற வரைக்கும் நின்றேன்.

தெளிந்து பார்த்தபோது தூரத்தில் பாலத்துக் கிட்டே இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்தன. பிரேக் விளக்கு. பள்ளத்துக்காக மிதித்திருக்கலாம். ஆனால் பள்ளம் பாலத்தின் நடுவில் இருக்கிறது. அந்தச் சிவப்பு அதற்கு எவ்வளவோ முன்னாலேயே எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அணைந்து, கார் மெல்லப் பாலம் ஏறியது.

நான் டார்ச்சைப் போடவில்லை. மீதி வழியை இருட்டிலேயே நடந்து வந்தேன்.